நோட்டீஸில் பாட்டு கேட்காது

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்கி ஞாயிறு ராத்திரி வரை பாளையங்கோட்டையில் ஓர் இசை நாடக விழா நடந்தது. ஒரு மண்டபம், அதை ஒட்டி ஒரு திறந்தவெளி மேடை. வெள்ளி இரண்டு வேளை, சனியும் ஞாயிறும் மும்மூன்று வேளை. ஒவ்வொரு வேளையிலும் இரண்டு மேடையிலும் ஒரே நேரத்தில் நாடகம் ஓடும். மொத்தம் 12 நாடகங்கள். நான்கு பழையவை, அந்தக்கால நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டோடு. மிச்சம் எட்டும் புத்தம் புதியவை; கதையும் புதுசு, மெட்டும் புதுசு. அந்த எட்டில் நான்கு இரண்டு தடவை நடந்தன, நான்கு ஒரே தடவை.

இதில் எதைப் பார்ப்பது என்று ஏழு பேர் கூடி முடிவெடுத்தோம். முதல் நாள் தப்பாக எடுத்தோம், மறுநாள் முறையை மாற்றினோம், மாற்றிய முறையும் ஓரிடத்தில் எங்களை ஏமாற்றியது. புது நாடகம் பார்க்கப் போகிற எல்லாருக்கும் இந்தச் சிக்கல் வரும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

ஏழு பேர் யார் என்று சொன்னால்தான் முடிவுகள் புரியும். ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர், எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. கோவில்பட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர், முப்பது வருடமாக ஸ்பெஷல் நாடகத்துக்கு, அதாவது பல ஊர் நடிகர்களை அழைத்து விடிய விடிய நடத்துகிற நாடகத்துக்கு, ஆர்மோனியம் வாசிக்கிற அண்ணன். முக்கூடலிலிருந்து எங்கள் மயினியும் (அண்ணியை அப்படித்தான் சொல்வோம்) அவள் இரண்டு பெண்பிள்ளைகளும். கல்லூரியில் படிக்கிற என் தம்பி. அப்புறம் நான்.

விழாவுக்கு டிக்கெட் கிடையாது. ஆனாலும் மயினிக்கு அது இலவசம் இல்லை. அவள் பீடி சுற்றுகிறவள். பஸ் ஏறி வந்தால் அன்றைக்குச் சுற்ற வேண்டியது நின்றுபோகும், கூலி போகும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். அதனால் எட்டரை மணி நாடகம் மூன்று நாளும் வேண்டாம் என்று ஒரு நிமிஷத்தில் முடிவானது. மீதி ஐந்து வேளை. எட்டரை மணிக்கு என்னென்ன இருக்கிறது என்று நாங்கள் பார்க்கவே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. ஏன் என்று பின்னால் வரும்.

வியாழன் ராத்திரி போட்ட கணக்கு

மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் நோட்டீஸை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கதைக்குப் பத்து, குழுவின் பேருக்குப் பத்து, படத்துக்குப் பத்து என்று தம்பி ஒரு கணக்கு வைத்தான். வெள்ளி ஆறரைக்கு மண்டபத்தில் பூலித்தேவன் கதை. திறந்தவெளியில் பீடி சுற்றுகிற பெண்களைப் பற்றி ஒரு நாடகம்.

பூலித்தேவன் முப்பதுக்கு இருபத்தேழு வாங்கினான். நெற்கட்டுஞ்செவல் நம் பக்கத்து ஊர். 1755-லேயே கம்பெனிப் படையை எதிர்த்து நின்றவன். நோட்டீஸில் குதிரை, வாள், கோட்டை என்று படம் ஜொலிக்கிறது. பீடி நாடகத்துக்கு ஒரு சுளகும் (முறம்) கத்தரிக்கோலும் மட்டும் கறுப்பு வெள்ளையில். ஆளாளுக்கு மூன்று, நான்கு போட்டார்கள். மயினி ஒன்று போட்டாள்.

“நாள் பூரா அதத்தான பாக்கேன். பஸ் ஏறி வந்து இங்கயும் அதையா பாக்கணும்?” என்றாள். அதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது.

ஆர்மோனிய அண்ணன் மட்டும் மார்க் போடவில்லை. நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பின்பாட்டு யாரு, ஆர்மோனியம் யாரு, ஒண்ணுலயும் போடலயே” என்றார். நாங்கள் அதைக் காதில் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை

பூலித்தேவன் நாடகம் பார்க்க அழகாக இருந்தது. உடை, விளக்கு, வாள் சண்டை எல்லாம் பிரமாதம். ஆனால் பாட்டு முழுக்க ஏற்கெனவே பதிவு செய்து வந்தது. நடிகர்கள் வாயை அசைத்தார்கள். நடுவில் ஓரிடத்தில் ஸ்பீக்கர் நின்று போனது. மேடையில் இருந்தவர் பாட்டைக் கையில் எடுக்க முடியாமல் வாளை ஓங்கியபடி அப்படியே நின்றார். கூட்டம் பேசாமல் காத்திருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. பாடத் தெரிந்தவராகவே இருந்திருக்கலாம். அவரைப் பாட விடவில்லை.

அந்த அமைதியில்தான் திறந்தவெளியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. சரக், சரக் என்று தாளம் தப்பாமல் கத்தரிக்கோல் சத்தம், அதன்மேல் நாலைந்து பெண் குரல். மயினி சட்டென்று திரும்பினாள். “இல வெட்டுதாங்க” என்றாள். எழுந்து போகலாமா என்று தம்பி கேட்டான். பாதியில் எழுந்து போவது மரியாதை இல்லை என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

ஏன் தவறினோம்

அன்றைக்கு டீக்கடையில் அண்ணன் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். இந்தக் குறிப்பில் உருப்படியான இடம் இதுதான்.

நம் ஊரில் நோட்டீஸ் பார்த்து நாடகத்துக்குப் போகும் பழக்கம் பழைய நாடகத்துக்கு ஏற்ற பழக்கம். சங்கரதாஸ் சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர், 1918-இல் மதுரையில் பையன்களை வைத்து நாடக சபை தொடங்கியவர், 1922-இல் மறைந்தார். அவர் எழுதி வைத்த நாடகங்கள்தான் இன்றைக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்கு முதுகெலும்பு. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் என்கிற நாயகன் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் என்கிற நாயகி ஓர் ஊர், பபூன் என்கிற கோமாளி இன்னோர் ஊர். சாயங்காலம் வந்து இறங்குவார்கள், முகத்துக்குப் பவுடர் போடும்போதுதான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை என்பதே கிடையாது. ஆனாலும் விடிய விடிய நாடகம் நடக்கும். வள்ளி திருமணத்தில் அடுத்த பாட்டு என்ன என்று நடிகருக்குத் தெரியும், ஆர்மோனியக்காரருக்குத் தெரியும், முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் ஆச்சிக்கும் தெரியும். நடிகர் தடுமாறினால் ஆர்மோனியம் அடியெடுத்துக் கொடுக்கும். ஆள் ஐந்து கட்டைச் சுருதிக்குப் பாடுகிறவரா, ஆறு கட்டையா என்று முதல் வரியிலேயே பிடித்துக்கொள்ளும். அந்த நோட்டீஸில் கதை எழுத வேண்டியதே இல்லை. யார் ராஜபார்ட், யார் ஸ்திரீபார்ட் என்று முகம் போட்டாலே போதும்.

கோயில் கொடை விழாவும் இப்படித்தான். “இந்த வருஷம் வில்லு யாரு? கணியான் யாரு?” என்று, வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் யார் நடத்துகிறார்கள் என்றுதான் கேட்போம். சுடலைமாடன் கதையா, முத்தாரம்மன் கதையா என்று கேட்க மாட்டோம். அது அந்தக் கோயில் சாமியே முடிவு பண்ணியது. மகுடம் என்கிற பறையை அடிக்கிற கை யாருடையது என்பதில்தான் ராத்திரி முழுக்க உட்காருவோமா, பதினோரு மணிக்கே வீட்டுக்குப் போவோமா என்பது இருக்கிறது.

புது நாடகத்தில் இந்தப் பிடிமானம் எதுவும் கிடையாது. அடுத்த பாட்டு யாருக்கும் தெரியாது. தடுமாறினால் தூக்கி நிறுத்த ஊருக்குப் பொதுவான நினைவு இல்லை. அதனால் ஸ்பெஷல் நாடகத்தில் தேவைப்படாத ஒத்திகை புது நாடகத்தில் உயிர்போகிற அளவுக்குத் தேவை. அதுவும் வாத்தியக்காரர்களோடு சேர்ந்த ஒத்திகை. இது நோட்டீஸில் வராது. நோட்டீஸில் வருவது கதை. நல்ல கதையை யார் வேண்டுமானாலும் நாலு வரியில் எழுதிவிடலாம்.

தம்பி போனில் தேடி இன்னொன்று சொன்னான். நியூயார்க்கில் 2004 முதல் 2019 வரை புது இசை நாடகங்களுக்கென்றே ஒரு விழா நடந்திருக்கிறது. அங்கே 2005-இல் ‘ஃபீலிங் எலெக்ட்ரிக்’ என்ற பேரில் ஒரு நாடகம் வந்தது. மனநோய் வந்த ஒரு தாய், அவள் குடும்பம், அதுதான் கதை. அதையே திருத்தித் திருத்தி, பேரையும் ‘நெக்ஸ்ட் டு நார்மல்’ என்று மாற்றி 2009-இல் பிராட்வேயில் ஏற்றினார்கள். 2010-இல் நாடகத்துக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. 2005-இல் பார்த்தவர்கள் பார்த்தது முடிந்த பண்டம் இல்லை. விழாவில் பார்க்கிற புது நாடகம் எங்கேயும் இன்னும் அடுப்பில்தான் இருக்கும். வெந்துவிட்டதா என்று பார்ப்பதைவிட, கொதி வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம்

அண்ணன் ஒரு வழி சொன்னார். மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் மைக் சரிபார்ப்பார்கள். போய் நின்று கேட்போம். அண்ணாச்சி, அண்ணன், நான் மூன்று பேரும் போனோம். அமைப்பாளர்களிடம் கேட்டோம், ஓரமாக நில்லுங்கள் என்றார்கள்.

அண்ணன் மேடையைப் பார்க்கவே இல்லை. தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு குழுவுக்கும் பத்து நிமிஷம். முடிந்ததும் போய் வணக்கம் சொல்லி மூன்று கேள்வி கேட்டார். மெட்டு யார் போட்டது, அவர் இங்கே வந்திருக்கிறாரா? இது எத்தனாவது மேடை? தாள வாத்தியக்காரர் ஒத்திகைக்கு எத்தனை நாள் வந்தார்? அதட்டிக் கேட்கவில்லை, தொழில்காரர் தொழில்காரரிடம் கேட்கிற மாதிரி கேட்டார். எல்லாரும் மனம்விட்டுச் சொன்னார்கள். ஒரு குழுவில் மெட்டுப் போட்டவர் ஊரிலேயே இல்லை, வாத்தியக்காரர்கள் அன்று காலையில்தான் பாட்டைக் கேட்டார்கள் என்று தெரிந்தது. அது கதைக்குப் பத்துக்குப் பத்து வாங்கிய நாடகம்.

இப்படியே சனி நாலு மணிக்கும் ஆறரைக்கும் முடிவு செய்தோம். நாலு மணிக்குப் பனையேறிகள் கதை. நன்றாகவே இருந்தது, பிள்ளைகள் இரண்டும் அசையாமல் பார்த்தார்கள். பதநீர் விற்கிற பாட்டில் மட்டும் கொஞ்சம் இழுவை.

ஆறரைக்கு பீடி நாடகம், இரண்டாம் தடவை, இப்போது மண்டபத்தில். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

திரை கிடையாது. ஐந்து பெண்கள் வந்து வரிசையாகத் தரையில் உட்கார்ந்தார்கள். மடியில் சுளகு. ஈரத்துணியைப் பிரித்து இலையை எடுத்தார்கள். ஒருத்தி வெட்டத் தொடங்கினாள், சரக், சரக். அடுத்தவள் பாதித் தாளத்தில் சேர்ந்தாள். ஐந்து கத்தரிக்கோலும் சேர்ந்தபோது தபேலாவுக்கு வேலையே இல்லை. அதற்குப் பிறகுதான் ஆர்மோனியம், அதுவும் சுருதிக்கு மட்டும். இலையில் தூளை வைத்து உருட்டுகிறபோது பாட்டு வேகம் எடுக்கிறது. நூல் சுற்றுகிறபோது வரி சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது. முனையை மடக்கும்போது அடி முடிகிறது. நூல் அறுந்தால் பாட்டும் அறும். நடுவில் ஒருத்திக்கு இருமல் வந்து பாட்டு நிற்கிறது. மற்ற நான்கு பேரும் கையை நிறுத்தவில்லை, அவள் வரியையும் சேர்த்துப் பாடிவிட்டு அவள் சுளகிலிருந்து இலையை எடுத்துத் தங்கள் சுளகில் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு வசனம் கிடையாது.

பாட்டில் இரண்டு வரி எனக்குள் நின்றுவிட்டது:

“இல காஞ்சா தண்ணி தெளிப்பேன்,
ஈரக்கொல காஞ்சா என்ன செய்வேன்?”

மயினி முதலில் மேடையைப் பார்க்கவில்லை, அவர்கள் விரலைப் பார்த்தாள். “மூணாவது உக்காந்திருக்கவ சுத்தத் தெரிஞ்சவ. மத்தவ படிச்சிக்கிட்டவ” என்று என் காதில் சொன்னாள். இருமல் இடத்தில் சின்னவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் மயினி எழுந்து நேரே மேடைப் பக்கம் போய் அந்த மூன்றாவது பெண்ணோடு பேசிக்கொண்டே இருந்தாள். அன்றைக்குக் கடைசி பஸ்ஸை ஓடித்தான் பிடித்தோம்.

முறை ஏமாற்றிய இடம்

பஸ்ஸுக்கு ஓடும்போது அண்ணாச்சி வரவில்லை. “நான் எட்டரை பார்த்துட்டு நடந்தே போயிருதேன்” என்றார். எட்டரைக்குத் திறந்தவெளியில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய நாடகம். மத்தியானம் அதைக் கேட்டிருந்தோம். தாள வாத்தியமே இல்லை. முன்னால் நின்று பாடிய அம்மாவின் குரல் மேல்ஸ்தாயியில் உடைந்தது. கோரஸ் மட்டும் இரண்டு வரி பாடிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார்கள். அண்ணன் கேள்வி கேட்கக்கூடப் போகவில்லை, “இன்னும் தயாராகல” என்றார். நாங்களும் விட்டுவிட்டோம்.

ஞாயிறு காலையில் அண்ணாச்சி வந்தார். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் சொன்னார்: “தாளம் இல்லாம இல்ல. காலுதான் தாளம்.”

1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 வருடக் குத்தகைக்குப் போன மலை அது. அங்கே கொழுந்து பறித்தவர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடினார்கள். 1999 ஜூலை 23 அன்று அவர்களுக்காகத் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்துக்குப் போன ஊர்வலத்தில் தடியடி நடந்தது. தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. எங்கள் வயதில் இதைக் கேட்டு வளராதவர் இங்கே யாரும் இல்லை. நாடகத்தில் ஆட்கள் மலையேறும்போது ஒரு நடை, கூடையோடு இறங்கும்போது ஒரு நடை, ஊர்வலத்தில் ஒரு நடை. பலகை மேடையில் வெறுங்காலின் சத்தம்தான் தாளம். ஆறு வருகிற இடத்தில் கால் நின்றுவிடுகிறது. அதற்குமேல் அந்த அம்மா தனியாகப் பாடுகிறார். மத்தியானம் உடைந்த அதே இடத்தில் குரல் மறுபடி உடைந்ததாம். எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர் அவர் என்று அண்ணாச்சி பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டார்.

அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, “நான் கேள்வி கேட்டிருக்கணும். தாளம் எங்கன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க” என்றார். முப்பது வருடக் காது தப்பாகக் கேட்கவில்லை. கேட்ட குறை குறையேதானா, வேண்டுமென்றே விட்டதா என்று விசாரிக்காமல் விட்டதுதான் பிசகு. மைக் சரிபார்க்கும்போது நின்ற இடத்தில் நின்று பாடினார்கள், யாரும் நடக்கவில்லை. நடந்திருந்தால் அண்ணனுக்கே புரிந்திருக்கும்.

அதைவிடப் பெரிய பிசகு வியாழனே நடந்துவிட்டது. அந்த நாடகம் ஒரே தடவைதான். இரண்டு தடவை நடப்பவற்றை முதல் நாள் தவறவிட்டாலும் பிடித்துக்கொள்ளலாம், பீடி நாடகத்தைப் பிடித்த மாதிரி. ஒரே தடவை நடப்பவை எவை என்று முதலில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தால், சனி எட்டரை கண்ணில் பட்டிருக்கும். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு முக்கூடலுக்கு ஒரு வண்டி பேசியிருக்கலாம். கடைசி பஸ்ஸை நாங்கள் இயற்கை விதி மாதிரி எடுத்துக்கொண்டோம்.

ஞாயிறு

நாலு மணிக்கு வள்ளி திருமணம், தர்க்கப் பகுதி மட்டும். புதுசைத் தேடி வந்துவிட்டுப் பழசுக்கு ஒரு வேளை கொடுப்பதா என்று தம்பி முணுமுணுத்தான். நான் கொடுக்கத்தான் வேண்டும் என்று நின்றேன். இரண்டு நாள் புது மெட்டாகவே கேட்டு ஓய்ந்த காதுக்கு அது சுருதி கூட்டிய மாதிரி இருந்தது. வள்ளி ஒரு கேள்வி கேட்டு முடிக்கும் முன்பே பின்வரிசையில் ஒருவர் பதில் பாட்டை முணுமுணுக்கிறார். அந்த நெருக்கத்தைக் கேட்ட பிறகு, புது நாடகம் எவ்வளவு தனியாக மேடையில் நிற்கிறது என்பது இன்னும் நன்றாகத் தெரிந்தது.

ஆறரைக்குக் கிட்டப்பா கதை. 1906-இல் செங்கோட்டையில் பிறந்து, 27 வயதில் 1933-இல் போய்விட்ட நாடகப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பா, அவருக்குப் பின் 1980 வரை வாழ்ந்த அவர் மனைவி, பாடகி கே. பி. சுந்தராம்பாள். இதைத் தேர்ந்தெடுக்க எனக்குப் பயமாகவே இருந்தது. கிட்டப்பா மாதிரி யார் பாடுவது? ஆனால் மத்தியானம் அண்ணன் கேள்வி கேட்டபோது மெட்டுப் போட்டவரே ஆர்மோனியத்தில் உட்கார்ந்திருந்தார். “கிட்டப்பா எங்க நாடகத்துல பாடவே மாட்டாரு அண்ணே” என்றார் அவர். அது போதும் என்று வந்துவிட்டோம்.

அப்படியேதான் இருந்தது. கிட்டப்பா பாட வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் விளக்கு சுந்தராம்பாள் முகத்தில். ஆர்மோனியம் மட்டும் மேலே, மேலே போகிறது. அவள் கேட்கிறாள். கேட்கிற முகத்திலிருந்து அந்தக் குரல் எப்படி இருந்திருக்கும் என்று நாமே கட்டிக்கொள்கிறோம். கடைசியில் ஆர்மோனியமும் நின்றுபோன பிறகு அவள் பாடத் தொடங்குகிறாள். என் பக்கத்தில் ஆர்மோனிய அண்ணனின் விரல்கள் தொடையில் கட்டை அமுக்கிக்கொண்டே இருந்தன.

அதற்குப் பிறகு

மாஞ்சோலைக் குழுவின் போன் நம்பரை அண்ணாச்சி வாங்கி வைத்திருந்தார். போன வாரம் கூப்பிட்டோம். பங்குனி உத்திரம் கழிந்து கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஓர் ஊரில் போடுகிறார்களாம். மைக் கிடையாது, பலகை மேடை மட்டும் கேட்டிருக்கிறார்களாம். வண்டி பேசியாகிவிட்டது, முக்கூடல் வழியாகப் போகும். எங்கள் ஏழு பேரோடு மயினி இன்னொரு இடம் சொல்லி வைத்திருக்கிறாள். பீடி நாடகத்தில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணும் வருகிறாள்.